நியமன நாற்காலியில் மூன்றரை ஆண்டு

தமிழ்நாட்டில் கருவுற்ற பெண் ஒருத்தி ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் பதிந்துகொண்டால், அவள் கணக்கில் வந்து சேரும் மகப்பேறு உதவிக்கு டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் பெயர். அவளுடைய தங்கை அரசுப் பள்ளியில் படித்துவிட்டுக் கல்லூரியில் சேர்ந்தால் மாதம் 1,000 ரூபாய் வருகிறதே, அந்தத் திட்டத்துக்கு மூவலூர் இராமாமிர்தம் அம்மையாரின் பெயர். ஒரே வீட்டில் அக்காளுக்கு ஒன்று, தங்கைக்கு ஒன்று. யோசித்து வைத்தார்களோ தற்செயலோ, பொருத்தமான சோடிதான். கோயிலில் சிறுமிகளுக்குப் பொட்டுக்கட்டித் தேவதாசிகளாக நேர்ந்துவிடும் வழக்கத்தை இருவருமே எதிர்த்தார்கள். இராமாமிர்தம் அம்மையார் ஊர் ஊராகப் போய் மேடையில் பேசினார். 1936இல் ‘தாசிகள் மோசவலை’ என்று நாவலும் எழுதினார். முத்துலட்சுமி பேசிய இடம் புனித ஜார்ஜ் கோட்டைக்குள் இருந்த சென்னைச் சட்டசபை.

அந்தச் சபையில் அவர் என்ன செய்தார் என்று கேட்டால், பாடப்புத்தகம் நமக்குக் கற்றுக்கொடுத்திருக்கும் விடை ஒரு வரி: தேவதாசி முறையை ஒழித்தார். ஆனால் பொட்டுக்கட்டைத் தடைசெய்த சென்னை மாகாணச் சட்டம் 1947இல் வந்தது. முத்துலட்சுமி சபையை விட்டு வெளியேறியது 1930இல். இடையில் பதினேழு ஆண்டு. அப்படியானால் 1927 முதல் 1930 வரை, அந்த மூன்றரை ஆண்டில், அவர் பேசியதற்கும் கொண்டுவந்ததற்கும் கிடைத்தது என்ன? ஒரு சட்டசபை உறுப்பினரின் பேச்சு எங்கே பலிக்கிறது, எங்கே குறிப்பேட்டில் அச்சாகி அடங்கிப்போகிறது என்பதைப் பார்க்க இவரை விட நல்ல எடுத்துக்காட்டு நம்மிடம் அதிகம் இல்லை. அவருக்குக் கட்சி இல்லை, வாக்காளர் இல்லை, தொகுதியும் இல்லை. இருந்தது நாற்காலியும் நாக்கும் சபை விதிகளும்தான்.

நாற்காலி வந்த கதையிலிருந்து தொடங்கலாம். 1919ஆம் ஆண்டு இந்திய அரசுச் சட்டம் பெண்களுக்கு வாக்குரிமை தரவில்லை. தரலாமா என்பதை அந்தந்த மாகாணச் சபையே முடிவு செய்துகொள்ளட்டும் என்று விட்டுவிட்டது. முதலில் கொடுத்தது சென்னை, 1921இல். சொத்தும் வரியும் வைத்து அளந்த வாக்குரிமை என்பதால் வாக்குச்சாவடிக்குப் போகக்கூடிய பெண்கள் சொற்பம். வாக்களிக்கலாம், உறுப்பினராக உட்கார முடியாது என்ற நிலையும் 1926 வரை நீடித்தது. அந்தத் தடை நீங்கியதும் மங்களூரில் கமலாதேவி சட்டோபாத்யாய தேர்தலில் நின்று மிகக் குறைந்த வாக்கு வித்தியாசத்தில் தோற்றார். தேர்தல் வழியாக ஒரு பெண்ணும் வரவில்லை. அடையாற்றில் 1917இல் தொடங்கப்பட்ட இந்திய மாதர் சங்கம் நியமனத்துக்காக முயன்றது. அரசு முத்துலட்சுமியை நியமித்தது. மருத்துவத் தொழிலை விட்டுவிட்டு இதற்குப் போவதா என்று அவருக்குத் தயக்கம் இருந்தது. போனார். சபை அவரைத் துணைத்தலைவராகவும் ஒருமனதாகத் தேர்ந்தெடுத்தது.

அப்போது அவருக்கு வயது நாற்பது. புதுக்கோட்டையில் 1886இல் பிறந்தவர். தந்தை நாராயணசாமி ஐயர், மகாராஜா கல்லூரியில் தலைமை வகித்தவர். தாய் சந்திரம்மாள், எந்தக் குலத்துப் பெண்களைப் பற்றிச் சபை பின்னால் விவாதிக்கப்போகிறதோ அந்தக் குலத்தில் பிறந்தவர். ஆண்கள் மட்டும் படித்த மகாராஜா கல்லூரியில் இந்தப் பெண்ணைச் சேர்ப்பதற்கு எதிர்ப்பு வந்தபோது, புதுக்கோட்டை மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் அனுமதி கொடுத்தார். 1907இல் சென்னை மருத்துவக் கல்லூரி, 1912இல் பட்டம். 1925இல் மேற்படிப்புக்காக இங்கிலாந்து. 1926இல் பாரிசில் நடந்த பெண்கள் வாக்குரிமை மாநாட்டில் பேசிவிட்டு ஊர் திரும்பியவரைத்தான் சபை அழைத்தது.

சபையின் அமைப்பையும் கொஞ்சம் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் அவர் செய்ததன் அருமை பிடிபடாது. அது இரட்டை ஆட்சிக் காலம். கல்வி, பொதுச் சுகாதாரம், உள்ளாட்சி, அறநிலையம் போன்றவை அமைச்சர்கள் கையில். நிலவரி, போலீஸ், நிதி ஆளுநரின் நிர்வாகக் குழுவிடம். திருமணம், குற்றவியல் சட்டம் போன்ற பெரிய விஷயங்களுக்கு டெல்லியில் மத்தியச் சட்டசபை. சென்னையில் தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர்கள் 98 பேர். 1926 தேர்தலில் அதிக இடம் பிடித்த சுயராஜ்யக் கட்சி ஆட்சி அமைக்க மறுத்துவிட்டதால், ப. சுப்பராயன் கட்சிசாரா முதலமைச்சராக இருந்தார். யார் எந்தப் பக்கம் என்று நிலையாகச் சொல்ல முடியாத சபை. நியமன உறுப்பினர் என்றாலே அரசு கை தூக்கச் சொல்லும்போது தூக்குபவர் என்றுதான் அன்றைய எண்ணம்.

இப்படிப்பட்ட சபையில் ஓர் உறுப்பினரின் கையில் மூன்று கருவிகள் உண்டு. வரவுசெலவுத் திட்டத்தின்போதும் கேள்வி நேரத்திலும் குறைகளைச் சொல்லி அமைச்சரை நெருக்கலாம். தீர்மானம் கொண்டுவரலாம், நிறைவேறினாலும் அது பரிந்துரைதான், அரசைக் கட்டுப்படுத்தாது. மசோதா கொண்டுவரலாம், அது ஒன்றுதான் சட்டமாகும். அந்தக் காலத்து விவாதங்களில் உறுப்பினர்கள் பெரும்பாலும் இரண்டாவது கருவியிலேயே மனநிறைவு அடைந்தார்கள். தீர்மானத்தில் நன்றாகப் பேசலாம், மறுநாள் பத்திரிகையில் வரும், யாருக்கும் செலவில்லை. (இன்றைக்கும் அப்படித்தானே என்று யாராவது சிரித்தால் மறுப்பதற்கில்லை.) முத்துலட்சுமி மூன்றையும் கையாண்டார். எந்தக் காரியத்துக்கு எந்தக் கருவி என்று தேர்ந்துகொண்டதில்தான் அவருடைய திறமை இருக்கிறது; எல்லா நேரமும் சரியாகத் தேர்ந்தார் என்றும் சொல்ல மாட்டேன்.

தொகுதி இல்லாதவர் உள்ளூர்ப் பிரச்சினையை எப்படிப் பேசுவது? தஞ்சாவூர் உறுப்பினர் வாய்க்காலைப் பேசுவார், பெல்லாரி உறுப்பினர் பஞ்சத்தைப் பேசுவார். முத்துலட்சுமிக்கு அப்படி ஒரு மண் இல்லை. அவர் பிரசவ அறையையும் பள்ளிக்கூடத்தையும் தம் தொகுதியாக்கிக்கொண்டார். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் தனி மருத்துவமனை வேண்டும் என்று அவர் கேட்டதன் விளைவாக, அரசு மகப்பேறு மருத்துவமனையில் குழந்தைகளுக்கென ஒரு பிரிவைத் திறந்தது. நகராட்சிகளும் மற்ற உள்ளாட்சிகளும் நடத்தும் பள்ளிகளில் மாணவர்களை ஒழுங்காக மருத்துவப் பரிசோதனை செய்ய வேண்டும் என்றார். ஏழைப் பெண்பிள்ளைகளுக்குக் கட்டணச் சலுகை கேட்டார். இவை எல்லாம் அமைச்சர் கையில் இருந்த துறைகள். பணம் ஒதுக்கினால் நடந்துவிடும், சட்டம் வேண்டியதில்லை. ஆகவே இங்கே பேச்சே போதுமானதாக இருந்தது. ஒரு மருத்துவர் எழுந்து நின்று வார்டில் என்ன குறை என்று சொல்லும்போது, ஆமாம் இல்லை என்று வாதாட எதிரே ஆளில்லை. அவையில் அவருக்கு எளிதில் கிடைத்த வெற்றிகள் இவைதாம், இவற்றைப் பற்றித்தான் நாம் மிகக் குறைவாகப் பேசுகிறோம்.

எளிதில் கிடைக்காதது திருமண வயது. 1927இல் ஹர் பிலாஸ் சாரதா டெல்லியில் குழந்தைத் திருமணத் தடை மசோதாவைக் கொண்டுவந்திருந்தார். நாடு முழுக்கச் சூடு. எதிர்ப்பின் பெரிய பங்கு சென்னை மாகாணத்து வைதிகர்களிடமிருந்து போனது. மத்தியச் சட்டசபையில் அதை எதிர்த்து நின்ற முக்கியமான குரல்களில் ஒன்று எம்.கே. ஆசாரியாருடையது. அவரும் சென்னை மாகாணத்துக்காரர். மாகாணச் சபைக்கோ இந்த விஷயத்தில் சட்டம் செய்யும் வழி இல்லை. அதனால் முத்துலட்சுமி 1928இல் தீர்மானம் கொண்டுவந்தார்: ஆணுக்கு 21, பெண்ணுக்கு 16 ஆக இருக்க வேண்டும் என்று மத்திய அரசுக்குப் பரிந்துரை. சென்னை என்றாலே எதிர்ப்புத்தான் என்று டெல்லியில் காட்டப்பட்ட படத்துக்கு, சென்னையின் சபையிலிருந்தே ஒரு மறுப்பு. பரிந்துரை என்ற பலவீனமான கருவிக்கு இப்படியும் ஒரு பயன் உண்டு. சட்டம் செய்ய முடியாத இடத்திலிருந்துகொண்டு, சட்டம் செய்யும் இடத்தில் நடக்கும் வாக்குவாதத்தின் எடையை மாற்றலாம்.

1929 செப்டம்பரில் நிறைவேறிய சாரதா சட்டம் பெண்ணுக்கு 14, ஆணுக்கு 18 என்று நிறுத்திக்கொண்டது. நடந்த கல்யாணம் செல்லாது என்று அது சொல்லவில்லை. நடத்தியவருக்கு அபராதமும் ஒரு மாதம் வரை சிறையும்தான். 1930 ஏப்ரல் 1இல் நடைமுறைக்கு வருவதற்குள் முடித்துவிடலாம் என்று நாடெங்கும் அவசரக் கல்யாணங்கள் நடந்தன. முத்துலட்சுமி ஆணுக்குக் கேட்ட 21, இந்தியச் சட்டத்தில் ஏறியது 1978இல். அதே திருத்தம் பெண்ணுக்கு 18 என்று அவர் கேட்டதையும் தாண்டிப்போனது.

இனி பொட்டுக்கட்டு.

இதில் முதல் ஆள் அவர் இல்லை என்பதைச் சொல்லியே தொடங்க வேண்டும். மைசூர் சமஸ்தானம் 1909இலேயே தன் அரசுக் கோயில்களில் தேவதாசி சேவையை நிறுத்தியிருந்தது. பேரரசுச் சட்டசபையில் 1912இல் தாதாபாய், முதோல்கர், மாட்ஜ் ஆகியோர் தனித்தனியே மசோதா கொண்டுவந்தார்கள். 1922இல் ஹரி சிங் கௌர் தீர்மானம் கொண்டுவந்தார். தண்டனைச் சட்டத்தில் 372, 373ஆம் பிரிவுகள் சிறுமிகளைப் பாலியல் தொழிலுக்கென விற்பதையும் வாங்குவதையும் குற்றமாக்கியிருந்தன. 1924 திருத்தம் வயது வரம்பை 18 ஆக்கியது. எல்லாம் இருக்கின்றன, புதிதாக எதற்குச் சட்டம் என்பதே அரசின் வழக்கமான பதில். ஆனால் பொட்டுக்கட்டு கோயிலில், குருக்கள் முன்னிலையில், சடங்காக நடக்கிறது. எந்த நோக்கத்தோடு கட்டினாய் என்று நீதிமன்றத்தில் நிரூபிப்பது லேசான காரியமா?

1927 நவம்பரில் முத்துலட்சுமி கொண்டுவந்த தீர்மானம், சிறுமிகளையும் இளம்பெண்களையும் கோயிலுக்கு நேர்ந்துவிடுவதை நிறுத்தச் சட்டம் வேண்டும் என்று அரசைக் கேட்டது. நிறைவேறியது. காந்தி ‘யங் இந்தியா’வில் ஆதரித்து எழுதினார். சுயமரியாதை இயக்கம் கைகொடுத்தது. இந்த விவாதத்தைப் பற்றி நம் மேடைகளில் ஒரு கதை உண்டு. சுயராஜ்யக் கட்சியின் சத்தியமூர்த்தி இந்தத் தொண்டு அழியக்கூடாது என்றாராம், முத்துலட்சுமி அவரைப் பார்த்து ஒரு பதில் சொன்னாராம், அவர் வாயடைத்துப் போனாராம். பேச்சாளருக்குப் பேச்சாளர் அந்தப் பதிலின் வாசகம் மாறும். சில சமயம் பதில் சொன்னவரே மாறிவிடுவார். ஒரே நிகழ்ச்சிக்கு இத்தனை வசனம் இருந்தால் எச்சரிக்கையாக இருப்பதே நல்லது என்பது என் கட்சி. வேறொரு காரணமும் உண்டு. கைதட்டல் வாங்கும் அந்த ஒற்றை வரியில் கவனம் போய்விடுவதால், அடுத்த இரண்டு ஆண்டில் அவர் செய்த நிஜமான வேலை மறைந்துவிடுகிறது. அந்த வேலைக்குக் கைதட்டல் கிடையாது. அது மானிய நிலம் பற்றியது.

கோயிலில் பொட்டுக்கட்டிய பெண்ணுக்குச் சேவைக்கு ஈடாக மானியம் இருந்தது. சில இடங்களில் நிலமே அவளுடையது. சில இடங்களில் நிலத்தின் வரி வருமானம் மட்டும். குத்துவிளக்கு எடுப்பது, சாமி புறப்பாட்டில் ஆடுவது, பாடுவது என்று அவளுக்குரிய முறையைச் செய்துவந்தால்தான் அந்த அனுபவம் அவள் கையில். செய்ய ஆளில்லை என்றால் மானியம் போய்விடும். ஆகவே ஒவ்வொரு தலைமுறையிலும் ஒரு பெண்ணுக்காவது பொட்டுக் கட்டியே ஆக வேண்டும். பெற்ற பெண் இல்லாவிட்டால் தத்தெடுத்தாவது கட்ட வேண்டும். பக்தி, கலை, வழக்கம் என்று சபையில் எத்தனை பேசினாலும், குடும்பத்தின் சோறு இந்த முடிச்சில் இருந்தது. தடை என்று மட்டும் ஒரு சட்டம் போட்டிருந்தால் என்ன நடந்திருக்கும்? பொட்டுக்கட்டு இரகசியமாக நடந்திருக்கும், அல்லது பெண்கள் நிலத்தையும் இழந்து தெருவுக்கு வந்திருப்பார்கள்.

முத்துலட்சுமி தேர்ந்துகொண்ட வழி, நீதிக்கட்சி ஆட்சிக்காலத்து இந்து அறநிலையச் சட்டம். 1925இல் முதலில் செய்து, செல்லுமா செல்லாதா என்ற கேள்வி எழுந்ததால் மறுபடி இயற்றப்பட்டு, 1927இன் இரண்டாம் சட்டமாக நின்றது அது. அதில் ஒரு திருத்தம் கொண்டுவந்தார். 1929இல் அது ஐந்தாம் சட்டமாக நிறைவேறி, 44-ஏ என்ற பிரிவாகப் புகுந்தது. தேவதாசி சேவைக்காக விடப்பட்ட மானியங்களைச் சேவைக் கட்டிலிருந்து அரசு விடுவிக்கும்; விடுவித்த பின் கோயிலில் முறை செய்யவில்லை என்று காரணம் காட்டி அவளிடமிருந்து அதைப் பறிக்க முடியாது. இவ்வளவுதான் சாரம். ஒழிப்பு என்ற சொல்லே தேவைப்படாத சட்டம். யாருக்கும் தண்டனை இல்லை. பெண்ணுக்குப் பொட்டுக் கட்டினால்தான் நிலம் நிலைக்கும் என்ற கணக்கை மட்டும் அது உடைத்தது.

இதைச் சபை ஏற்றுக்கொண்டதற்கும் காரணம் இருக்கிறது. நேரடித் தடை மசோதா என்றால் மதத்தில் கைவைக்கிறார்கள் என்ற குரல் எழும். அறநிலையச் சட்டத்தில் ஒரு பிரிவு என்றால் அது நிர்வாகம். ஏற்கெனவே கோயில் சொத்தை மேற்பார்க்க அரசு வாரியம் இருக்கிறது; கோயில் மானியம் எப்படி இருக்க வேண்டும் என்று சொல்ல அதற்கு அதிகாரம் உண்டு. முன் தலைமுறை வக்கீல் உறுப்பினர்கள் டெல்லியில் தண்டனைச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு பல ஆண்டு மல்லுக்கட்டிய இடத்தில், மருத்துவர் ஒருவர் கோட்டையிலிருந்து நிலப் பதிவேட்டின் வழியாக உள்ளே நுழைந்தார். டெல்லியில் அசையாத தேசியப் பிரச்சினை ஒன்று, ஊர் ஊராகக் கிடந்த மானியக் கணக்கில் அசைந்தது.

ஆனால் இந்த வெற்றியின் மறுபக்கத்தைத் தமிழில் எழுதுபவர்கள் பெரும்பாலும் தாண்டிப்போகிறார்கள். சபையில் யாருடைய வாழ்க்கை விவாதிக்கப்பட்டதோ அவர்களில் ஒருவர்கூட அங்கே உட்கார்ந்திருக்கவில்லை. அவர்கள் சும்மாவும் இருக்கவில்லை. சென்னையில் தேவதாசிகள் சங்கம் அமைத்து அரசுக்கு விண்ணப்பங்கள் எழுதினார்கள். பாடகி பெங்களூர் நாகரத்தினம்மாள் அந்த எதிர்ப்பில் முன்னின்றவர்களில் ஒருவர். எங்களையும் விலைமகளிரையும் ஒன்றாகக் கட்டாதீர்கள், நாங்கள் கோயிலோடும் கலையோடும் வந்தவர்கள், குறை இருந்தால் எங்களுக்குக் கல்வி கொடுங்கள், எங்கள் முறையை அழிக்காதீர்கள் என்பது அவர்கள் வாதத்தின் போக்கு. அவர்கள் குலத்து ஆண்களின் சங்கங்களோ ஒழிப்பை ஆதரித்தன. இசை வேளாளர், செங்குந்தர் அமைப்புகள் முத்துலட்சுமியின் பக்கம் நின்றன. பெண்கள் சொத்தைப் பிடித்திருந்த, பெண் வழியே வாரிசு ஓடிய குடும்பங்களில், அந்த முறை மறைந்தால் ஆண்களின் கை ஓங்கும் என்பது கணக்கிடக் கடினமானதல்ல. ஆய்வாளர் அம்ரித் சீனிவாசன் 1980களில் இந்தக் கோணத்தை விரிவாக எழுதினார்.

இந்த விண்ணப்பங்களை முத்துலட்சுமி ஏற்கவில்லை. சிறுமிக்கு எட்டு, பத்து வயதில் நடக்கும் ஒன்றை வளர்ந்த பெண்ணின் விருப்பம் என்று எப்படிச் சொல்வது என்ற கேள்வியில் அவர் அசையவே இல்லை. அந்தக் கேள்வி சரியான கேள்வி என்றே இன்றும் எனக்குத் தோன்றுகிறது. ஆனால் ஏற்கெனவே பொட்டுக் கட்டி, பாடி ஆடிப் பிழைத்துக்கொண்டிருந்த நாற்பது வயதுப் பெண்ணுக்குச் சொல்ல அவரிடம் விடை இல்லை. கலையை என்ன செய்வது என்ற கேள்வி சபைக்குள் ஓரமாகத்தான் எழுந்தது. அது வெளியே வெடித்தது, 1932 கடைசியில், தேவதாசிகள் ஆடிவந்த சதிராட்டத்தைக் காப்பாற்ற வேண்டும் என்ற ஈ. கிருஷ்ண ஐயருக்கும் அவருக்கும் பத்திரிகைகளில் நடந்த வாதத்தில். சதிர் பின்னால் பரதநாட்டியம் என்ற பெயரில் வேறு வீட்டுப் பெண்களிடம் பிழைத்துக்கொண்டது. கோதாவரிக் கரையில் அதே மரபில் வந்த கலாவந்துலு பெண்களும் தஞ்சாவூர்ப் பெண்களும் மேடையிலிருந்து மெல்ல விலகினார்கள். தாயின் பக்கத்தில் அதே குலத்தைச் சேர்ந்த ஒருவர் சபையில் எழுந்து நின்றபோது, அந்தக் குலத்துப் பெண்களின் பிரதிநிதியாக அவரைப் பார்ப்பதா, அவர்கள் வெறுத்த சீர்திருத்தக்காரராகப் பார்ப்பதா? இரண்டும் உண்மை. ஒன்றை மறைத்து இன்னொன்றை எழுதுவதில் எனக்குச் சம்மதம் இல்லை.

சபையில் இருந்த அதே ஆண்டுகளில் அவர் ஒரு சர்ச்சைக்குரிய வேலையும் செய்தார். 1928இல் சைமன் கமிஷனைத் திரும்பிப் போ என்று நாடே விரட்டிக்கொண்டிருந்தபோது, அந்தக் கமிஷனின் துணைக் குழுவான ஹார்டாக் கல்விக் குழுவில் உறுப்பினரானார். அதில் இருந்த ஒரே பெண் அவர். தேசியவாதிகளுக்கு இது உறுத்தலாகத்தான் இருந்திருக்கும். ஆனால் 1929இல் வந்த அந்த அறிக்கை இன்றும் எடுத்துப் படிக்கப்படுகிறது. 1922-23இல் முதல் வகுப்பில் இருந்த 100 பிள்ளைகளில் 1925-26இல் நான்காம் வகுப்பில் படித்தவர்கள் 18 பேர் என்று கணக்குச் சொன்னது அது. பெண் கல்விக்கு முதலிடம் வேண்டும் என்றும் பரிந்துரைத்தது. சென்னைச் சபையில் ஏழைப் பெண்பிள்ளைகளின் கட்டணத்தைப் பற்றிப் பேசிய குரல், நாடு முழுதுக்குமான அறிக்கைக்குள் போய் உட்கார்ந்த இடம் இது. யார் அழைத்தார்கள் என்பதைவிட அங்கே போய் என்ன செய்யலாம் என்பதைப் பார்க்கிற குணம் அவருக்கு. நியமன நாற்காலியையே அப்படித்தானே எடுத்துக்கொண்டார்.

அந்தக் குணத்துக்கும் ஓர் எல்லை வந்தது. 1930 மே மாதம் உப்புச் சத்தியாக்கிரகத்தில் காந்தி கைதானார். முத்துலட்சுமி சபையிலிருந்து விலகினார். அப்போது பொட்டுக்கட்டை நேரடியாகத் தடைசெய்யும் அவருடைய மசோதா மக்கள் கருத்துக்காகச் சுற்றுக்கு விடப்பட்டிருந்தது. இந்த விலகலைத் தியாகமாகவே எல்லோரும் எழுதுகிறார்கள், தியாகம்தான். அதற்குக் கொடுத்த விலை என்ன என்றும் கேட்க வேண்டும். கொண்டுவந்தவர் இல்லாத தனிநபர் மசோதா அனாதைப் பிள்ளை. கட்சி வைத்திருப்பவர் போனால் இன்னொருவர் எடுத்து நடத்துவார். கட்சியில்லாதவர் எழுந்துபோனால் அவருடைய காகிதமும் கூடவே எழுந்துவிடும். மூன்றரை ஆண்டு அவருக்குப் பலமாக இருந்த தனிமை, வெளியேறிய அன்று மசோதாவுக்குப் பலவீனமாக ஆயிற்று. அதே போராட்டத்தில் வேதாரண்யம் போய்ச் சிறை சென்ற ருக்மணி லட்சுமிபதி காங்கிரஸ்காரர். அவர் 1937இல் சட்டசபையின் துணைச் சபாநாயகராகவும் 1946இல் சுகாதார அமைச்சராகவும் வந்தார். முத்துலட்சுமிக்கு அப்படித் திரும்பிவரும் கதவு எந்தக் கட்சியிலும் இல்லை.

வெளியே வந்த பிறகு அவர் செய்ததில் சபையின் தொடர்ச்சி தெரிகிறது. 1930இல் சென்னையில் விபசாரத் தடுப்புச் சட்டம் வந்தது. அவர் ஆதரித்த சட்டம். விடுதிகளை மூடலாம், ஆனால் அங்கிருந்து வெளிவரும் பெண்கள் எங்கே போவார்கள்? பொட்டுக்கட்டிலிருந்து தப்பி வந்த சிறுமிகளை மாணவியர் விடுதிகள் சேர்த்துக்கொள்ள மறுத்தன. அவர்கள் அவர் வாசலுக்கு வந்தார்கள். வீட்டிலேயே வைத்துக்கொண்டார். அதுதான் ஔவை இல்லமாக அடையாற்றில் வளர்ந்தது. 1933இல் ராஜகுமாரி அம்ரித் கௌர், பேகம் ஹமீத் அலி ஆகியோருடன் சேர்ந்து, புதிய அரசியலமைப்பைத் தயாரித்துக்கொண்டிருந்த பிரிட்டிஷ் நாடாளுமன்றக் கூட்டுக் குழுவின் முன் சாட்சியம் சொன்னார். சாதி, மத வாரியாகப் பெண்களைப் பிரிக்காதீர்கள் என்பது அவர்கள் வாதம். அது எடுபடவில்லை. 1935 சட்டம் சென்னைச் சட்டசபையின் 215 இடங்களில் 8ஐப் பெண்களுக்கு ஒதுக்கியது, மதவாரியாகப் பிரித்து. நியமனத்தில் தனியாக வந்து உட்கார்ந்தவர் காலி செய்த அவையில், ஐந்தே ஆண்டில் எட்டுப் பெண்களுக்கு இடம் நிச்சயம். அவர் அதை இப்படி அடைய விரும்பியிருக்க மாட்டார் என்பது வேறு விஷயம்.

1930லேயே அவர் தம் சட்டசபை நாட்களைப் பற்றி ஆங்கிலத்தில் ஒரு புத்தகம் வெளியிட்டார். என்ன கேட்டேன், யார் என்ன சொன்னார்கள், எது நடந்தது, எது நடக்கவில்லை என்ற கணக்கு. வாக்குக் கேட்டு யாரிடமும் போகாதவர், யாருக்கும் பதில் சொல்லக் கடமைப்படாதவர், பதவியை விட்டதும் முதலில் செய்தது கணக்கு ஒப்படைத்தது. ஐந்தாண்டு முடிந்து தேர்தலுக்கு வரும் எத்தனை உறுப்பினர்களிடம் இப்படி ஒரு புத்தகம் இருக்கும்?

பம்பாய் மாகாணம் 1934இல் தேவதாசிப் பாதுகாப்புச் சட்டத்தை நிறைவேற்றிவிட்டது. திருவிதாங்கூர் 1930லேயே நிறுத்தியிருந்தது. முதலில் மானியத்தின் முடிச்சை அவிழ்த்த சென்னைதான் கடைசியாக வந்தது. 1947இல் தடைச் சட்டம் நிறைவேறியபோது முத்துலட்சுமிக்கு 61 வயது. புற்றுநோய் மருத்துவமனைக்கு இடமும் பணமும் தேடி அலைந்துகொண்டிருந்தார். அவருடைய மசோதா கருத்துக் கேட்புக்குப் போன 1930இல், ஏழு வயதில் பொட்டுக் கட்டப்பட்ட சிறுமிக்கு அப்போது வயது 24.